சனிக்கிழமைக் கூடை: எல்லாரும் கேட்கிற கேள்விகள்

மொரீஷியஸில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் கோவில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. "என் பையன் எப்படிப் படிக்கிறான் டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பது வருஷத்துக்கு ஒரு தடவை. வராந்தாவில் வரிசையாக இருக்கும் காய்கறிக் கூடைகளைப் பற்றிக் கேட்பது வாராவாரம். ஒரே கேள்விக்கு நாலு பேரிடம் நாலு தடவை பதில் சொல்லிக்கொண்டு, மணியடித்த பிறகும் வாசலிலேயே நிற்கிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்துவிட்டேன். பாதிக் கேள்விகள் கிரியோலில், அதாவது இந்தத் தீவின் பேச்சுமொழியில், வந்தவை. அவற்றை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன்.

இது என்ன கூடை டீச்சர்? யார் கொண்டுவர்றாங்க?

வக்குவாவுக்குப் பக்கத்தில் லா மாரியில் ஒரு பிளாந்தர், அதாவது சின்ன விவசாயி, இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ஊருக்கே அவர் தோந்தோன், அதாவது மாமா. இரண்டு அர்ப்பான் நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். சனிக்கிழமை விடியும்போது அவரும் அவர் மனைவியும் பறிப்பார்கள். ஏழு மணிக்கு நான் கார் எடுத்துக்கொண்டு போவேன். எட்டரைக்குக் கூடைகள் கோவில் வராந்தாவில். இப்போது இருபத்துமூன்று வீடுகள் வாங்குகின்றன.

நடுவில் யாரும் இல்லை. ஒரு கூடைக்கு நானூறு ரூபாய், அப்படியே அவர் கைக்குப் போகிறது. எனக்குக் கமிஷன் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு: அவர் வீட்டு வராந்தாவில் ஒரு கோப்பை இஞ்சித் தேநீர்.

பஸார்லயே எல்லாம் கிடைக்குதே, அப்புறம் எதுக்கு இது?

பஸாரை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை வக்குவா பஸாருக்குப் போகிறவள்தான். ஆனால் காய் அங்கே வரும் வழியை யோசித்துப் பாருங்கள். பிளாந்தர் முந்தின நாளே பறிக்கிறார். லாரி ஏற்றி லாங்கானுக்கு, அதாவது ஏலத்துக்கு அனுப்புகிறார். இப்போது வூட்டனில் பெரிய மொத்தச் சந்தையே இருக்கிறது. அங்கே ரெவாந்தேர், அதாவது வாங்கி விற்பவர், எடுத்து, அவரிடமிருந்து கடைக்காரர் எடுத்து, பலகையில் அடுக்கித் தண்ணீர் தெளித்து, அப்புறம்தான் நம் கைக்கு. ஒன்றரை நாள், இரண்டு நாள் ஓடிவிடுகிறது.

அந்த இரண்டு நாளில் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். பறித்த காய் செத்துப்போவதில்லை, மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அந்த மூச்சுக்குத் தன் சர்க்கரையையே செலவழிக்கிறது. மக்காச்சோளத்தில் இது நன்றாகத் தெரியும். காலையில் ஒடித்த கதிரை மத்தியானம் வேகவைத்தால் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும். மறுநாள் அதே கதிர் மாவு மாதிரி, இனிப்பில் ஒரு பெரும் பங்கு மாவுச்சத்தாக மாறியிருக்கும். பச்சைப் பட்டாணியும் அப்படித்தான்.

முதல் வாரம் எனக்கு வந்தது ஒரு பீர்க்கங்காய். அரிவாள்மணையில் வைத்ததும் 'ணக்' என்று ஒரு சத்தம். வெட்டின இடத்தில் வியர்வை மாதிரி பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் துளிர்த்தது. நாற்பது வருஷமாகப் பீர்க்கங்காய் நறுக்குகிறேன், அந்தத் துளியை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோலைக் கூடத் தூக்கிப்போட மனசு வரவில்லை. உளுந்தும் மிளகாயும் வறுத்துத் துவையல் அரைத்தேன். அதற்கப்புறம் யாரும் எனக்கு வியாக்கியானம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

எப்படி ஆரம்பிச்சீங்க?

2020-இல். ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். மார்ச் 24 அன்று சூப்பர்மார்க்கெட்டுகளையும் மூடிவிட்டார்கள். ஏப்ரல் 2-இல் திறந்தபோது குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். ஓ முதல் இஸட் வரை புதனும் சனியும். பிள்ளை, ராமசாமி, வீராசாமி என்று நம் ஆட்களில் பாதிப்பேர் அந்தக் கூட்டத்தில்தான். வரிசையில் நின்றால் காவடிக்கு வந்த மாதிரி தெரிந்த முகங்களாக இருக்கும்.

பஸார்கள் மூடிக் கிடந்தன. நாங்கள் வீட்டில் பருப்பும் அரிசியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மூன்று கிலோமீட்டர் தள்ளி தோந்தோனின் சுரைக்காய் கொடியிலேயே முற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் எங்கள் தெருமுனை மதில் மேல் வரிசையாகச் சுரைக்காயும் பூசணியும் வைத்துவிட்டு, விலைகூடச் சொல்லாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். நான் ரூபாய் நோட்டு ஒன்றைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு சுரைக்காயை எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் ஆரம்பம்.

நான் கோயம்புத்தூர்லேர்ந்து வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. கூடையில இருக்கிற சீட்டுல எழுதியிருக்கிற பேர் ஒண்ணும் புரியலையே?

எபென் சைபர் சிட்டியில் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் இதைக் கேட்கின்றன. பயப்படாதீர்கள், இந்தப் பெயர்களில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம் மாறுவேஷத்தில் இருக்கிறது. கொத்தோமிலி என்றால் கொத்தமல்லி. காரிபூலே என்றால் கறிவேப்பிலை. முரூம் என்றால் முருங்கை. பிப்பாங்காய் என்றால் பீர்க்கங்காய். ரசோன் என்பது ரசம். இங்கே தமிழ் ஒரு வார்த்தை பேசத் தெரியாத சீனக் கடைக்காரரும் ஆப்பிரிக்க வம்சத்துக் கிழவியும் வாய் நிறையக் கொத்தோமிலி என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்று யாராவது சொன்னால், நான் அவர்களைப் பஸாருக்குத்தான் அனுப்புவேன்.

மற்றவை வேறு வழியில் வந்தவை. வெண்டைக்காய் லாலோ. பாகற்காய் மார்கோஸ். புடலங்காய் பாதோல். கத்தரிக்காய் பிரென்ஜெல். தக்காளி போம்தாமூர், நேராகச் சொன்னால் 'காதல் ஆப்பிள்'. பூசணி ஜிரோமோன். சுரைக்காய் கால்பாஸ். கீரை எதுவானாலும் பிரேத். சௌசௌ மட்டும் இரண்டு கரையிலும் ஒரே பேர், இங்கே சூசூ. உங்கள் ஊரில் காயை மட்டும்தான் சாப்பிடுகிறீர்கள், நாங்கள் அதன் கொழுந்தையும் விடுவதில்லை.

தக்காளி வேணும்னு சொல்லியிருந்தேன், வரலை. நாங்க லிஸ்ட் குடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. இது கடை இல்லை. அந்த வாரம் நிலத்தில் எது தயாரோ அதுதான் கூடையில். முதல் ஒரு மாதம் இது எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது. சாம்பார் என்று முடிவு செய்துவிட்டுக் காய் தேடிப் பழகியவர்கள் நாம். இங்கே காயைப் பார்த்துவிட்டுத்தான் குழம்பை முடிவு செய்யணும்.

ஒரு கணக்கு மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும் புயலும்: பீர்க்கை, புடலை, பாகல், சுரை, வெண்டை. மே முதல் அக்டோபர் வரை குளிர்: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், சாலட் இலை. தக்காளிக்குக் கனமழை ஆகாது, பூவே கொட்டிவிடும். அதனால் பிப்ரவரியில் தக்காளி கேட்டால் தோந்தோன் ஆகாயத்தைக் காட்டுவார்.

இன்னொன்று. இந்தத் தீவு சின்னதுதான், ஆனால் ஒரே பருவம் எல்லா இடத்துக்கும் ஒன்றாக வராது. நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் மழை கொட்டுகிறது, மேற்குக் கரையில் அதில் கால் பங்குதான். லா மாரி மேடு, ஈரம், குளிர். அதனால் சூசூ அங்கே காடு மாதிரி படரும், முருங்கை ஏங்கிப்போகும். நம் கூடைக்கு வரும் முருங்கைக்கீரை தோந்தோனின் தங்கை வீட்டு மரத்திலிருந்து, கடலோரத்தில் இருந்து வருவது.

ஒவ்வொரு வாரமும் இவ்வளவு கீரையா! என்னதான் செய்றது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில் இரண்டு வார்த்தை: புய்யோன் பிரேத். இந்த ஊரில் எந்தச் சாதி, எந்த மதத்து வீடானாலும் ராத்திரிச் சோற்றுக்கு இருக்கும் கீரைத் தண்ணீர். எண்ணெயில் பூண்டு நாலு பல், ஒரு வெங்காயம், சின்னத் துண்டு இஞ்சி. வாசம் வந்ததும் தண்ணீர் ஊற்றி, கொதிக்கும்போது கீரையைப் போட்டு, மூடாமல், இலை துவண்ட உடனே இறக்கணும். உப்பு கடைசியில். சோற்றில் ஊற்றி, சுட்ட தக்காளிச் சட்னியோடு சாப்பிட வேண்டியது. கருவாடு சாப்பிடுகிறவர்களுக்கு அது தனி.

காலையில் பறித்த கீரைக்குத்தான் இது சரிவரும். வாடின கீரையை இப்படிச் செய்தால் புல்லை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அதைப் பருப்புப் போட்டுக் கடைந்துவிடுவது மேல். நாம் எல்லாக் கீரையையும் கடையப் பழகியதே பழைய கீரையை மறைக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என் அம்மா காதில் விழாமல் சொல்கிறேன்.

எது எது என்று தெரிய: பிரேத் மார்த்தேன் என்பது மணத்தக்காளிக் கீரை. வாய்ப்புண்ணுக்குத் தேடி அலைவீர்களே, அதுவேதான். பிரேத் மால்பார் என்பது தண்டுக்கீரை, முளைக்கீரை வகை. 'மால்பார்' என்றால் இந்திய வம்சத்தவர்களைத்தான் சொல்கிறார்கள். பிரேத் சூசூ என்பது மேலே சொன்ன சௌசௌக் கொழுந்து. தண்டை ஒடித்து நாரை உரித்துவிட்டுப் போடணும். பிரேத் முரூம் உங்களுக்குத் தெரியும்.

விலை குறைவா? அதுக்குத்தானே எல்லாரும் வாங்குறீங்க?

எப்போதும் இல்லை. வருஷம் முழுக்க ஒரே விலை, அதனால் ஆகஸ்டில் முட்டைக்கோஸ் மலிந்து கிடக்கும்போது நமக்கு நஷ்டம். பஸாரில் இன்னும் மலிவாக வாங்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் மழை அடித்துக் காய் யானை விலை விற்கும்போது நமக்கு லாபம். அந்தச் சமயத்தில் தோந்தோன் தன் காயை லாங்கானுக்கு அனுப்பியிருந்தால் கூடுதலாகச் சம்பாதித்திருப்பார். அனுப்பவில்லை. அதனால் ஆகஸ்டில் நாமும் முணுமுணுக்கக் கூடாது.

பஸாரோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு. கிலோ என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்த ஒரு அண்ணன் இருக்கிறார். இப்போது அவரும் கூடைக்காரர்.

இது பியோ தானே? மருந்தே அடிக்க மாட்டாரா?

பியோ, அதாவது மருந்தில்லாத இயற்கை விவசாயம், இல்லை. இதை நான் மறைப்பதில்லை, அவரும் மறைப்பதில்லை. முட்டைக்கோஸிலும் தக்காளியிலும் பூச்சி மிஞ்சினால் மருந்து அடிக்கிறார். ஆனால் அடித்த நாளைக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைக்கிறார். டப்பாவில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் முடியும்வரை அந்தப் பாத்தியை யாரும் தொடக் கூடாது. ஒரு சனிக்கிழமை கூடையில் கோஸே இல்லை, நிலம் முழுக்கக் கோஸ் நிற்கிறது. கேட்டேன். கதவைத் திறந்து எழுத்தைக் காட்டினார். இன்னும் மூன்று நாள் பாக்கி.

கொடிக்காய்களுக்கு அவர் மருந்தை நம்புவதில்லை. பழ ஈ வந்து தோலுக்கு அடியில் முட்டையிட்டுவிடும், உள்ளே புழுவான பிறகு மேலே அடித்து என்ன பயன்? பாகற்காய் விரல் நீளம் வரும்போதே ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிவிடுவார். பந்தலுக்கு அடியில் நின்றால் தலைக்கு மேல் தலைப்புச் செய்திகள் தொங்கும். ஈ குத்தி விழுந்த காய்களைப் பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் போடுவார், அங்கேயே கிடந்தால் அடுத்த தலைமுறை ஈ அதிலிருந்துதான் கிளம்பும்.

பூச்சிமருந்துப் பயன்பாட்டுக்கென்று 2018-இல் இங்கே ஒரு சட்டம் வந்திருக்கிறது. எந்த மருந்து, காயில் எவ்வளவு எச்சம் வரை இருக்கலாம் என்பதெல்லாம் அதற்குள் வரும். சட்டம் இருப்பது நல்லதுதான். எனக்கு அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் அதிக தைரியம் தருகிறது. எப்படியிருந்தாலும் காயை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். கோஸின் வெளி இலை இரண்டை எடுத்துவிடுங்கள்.

போன வாரம் காலிஃபிளவர்ல புழு இருந்துச்சே?

இருந்திருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் தலைகீழாக வையுங்கள், வெளியே வந்துவிடும். மருந்து வேண்டாம் என்று மேல் கேள்வியில் கேட்டவரும் இதைக் கேட்டவரும் ஒரே ஆள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எப்படி எடுத்துவைக்கிறது? புதன்கிழமை ஆனா பாதி வாடிப்போயிடுது.

எடுத்துவைப்பதைவிட எதை முதலில் சமைக்கிறோம் என்பதுதான் முக்கியம். சனிக்கிழமை மத்தியானம் கீரையும் மக்காச்சோளமும். ஞாயிறு வெண்டையும் பீன்ஸும். திங்கள், செவ்வாய் பீர்க்கை, புடலை, கத்தரி. புதனுக்குமேல் கோஸ், கேரட், கிழங்கு. முழுப் பூசணி மாதக்கணக்கில் அலமாரி மேல் இருக்கும், வெட்டினால் மட்டும் விதைச் சோற்றை வழித்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் வாசம் செத்துவிடும், சதையும் மாவு மாதிரி ஆகும். கத்தரிக்காயும் ரொம்பக் குளிர் தாங்காது. கொத்தமல்லியைப் பூச்செண்டு மாதிரி தண்ணீர்த் தம்ளரில் நிற்க வையுங்கள். கீரையைக் கழுவாமல், ஈரத்துணியில் சுற்றி. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் கெடும்.

மரவள்ளி கறுத்துப்போச்சு என்று மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அது தோந்தோன் தப்பு இல்லை. மண்ணிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நாளில் மரவள்ளிக்குள் நீலமாகக் கோடு ஓடத் தொடங்கிவிடும், அதன் சுபாவம் அது. அன்றைக்கே வேகவையுங்கள், இல்லையென்றால் தோலுரித்து ஃப்ரீசரில் போடுங்கள். வேகவைக்கும்போது பாத்திரத்தை மூடாதீர்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

புயல் வந்தா கூடை வருமா?

வரும், ஆனால் அடையாளம் தெரியாது. 2024 ஜனவரி 15, பொங்கல் அன்றைக்கே பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். லா மாரியில் பந்தல் மொத்தமும் படுத்துவிட்டது. தோந்தோன் பாகற்கொடியை வேரோடு கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "இதுதான் இந்த வருஷப் பொங்கல்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை கூடையில் என்ன இருந்தது தெரியுமா? சேம்பு, மரவள்ளி, பூசணி, பலா, சாய்ந்த மரங்களிலிருந்து வெட்டின பச்சை வாழைக்காய்த் தார். மண்ணுக்குள் இருப்பதையும் மண்ணோடு கிடப்பதையும் காற்று ஒன்றும் செய்யாது. அதற்கப்புறம் முதலில் எழும்புவது கீரை. விதைத்து நாலு வாரத்துக்குள் கைக்கு வந்துவிடும். கொடிக்காய் வரப் பந்தல் போட்டு இரண்டு மாதம் பொறுக்கணும். அதனால்தான் புயலுக்குப் பிறகு தீவே புய்யோன் பிரேத் குடிக்கிறது.

காவடி விரதத்துக்கும் புரட்டாசிக்கும் இந்தக் கூடை போதுமா?

புரட்டாசிக்குப் போதும், அப்போது குளிர்காலக் காய் இன்னும் இருக்கும். தைப்பூசம்தான் சிக்கல். பத்து நாள் விரதம் சரியாகப் புயல் காலத்தில் வந்து உட்காருகிறது. 2024-இல் ஜனவரி 25 அன்று பூசம், மேலே சொன்ன பெலாலுக்குப் பத்தாவது நாள். விரதம் முடித்து வாழையிலையில் செத் காரி, ஏழு கறி வைக்கணும். பஸாரில் விலையைக் கேட்டால் காவடி வேலைக் கன்னத்தில் குத்தாமல் நெஞ்சில் குத்தின மாதிரி.

எங்கள் இருபத்துமூன்று வீட்டிலும் அந்த வருஷம் ஏழு கறி நடந்தது. பூசணி ஒன்று, வாழைக்காய் ஒன்று, பலா ஒன்று, சேம்பு ஒன்று. பருப்பும் உலர்ந்த பட்டாணியும் கடையில் வாங்கியவை. ஏழாவதற்கு என்ன செய்வது என்று எல்லாரும் முழித்தபோது, ஒரு பாட்டி பூசணித் தோலைப் பொடிப்பொடியாக நறுக்கி வதக்கி, "இது தனிக் கறி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கூடவே புளிப்பாக ரசோன். விழுந்த மரத்தின் வாழைக்காய் அன்றைக்கு இலையில் முதல் கறி. தோந்தோன் அதை ருசி பார்த்துவிட்டு உப்பு குறைவு என்றார்.

லீச்சி, மாம்பழம் ஏன் தர்றதில்லை?

லா மாரியின் குளிருக்கு இரண்டும் சரியாக வராது. நவம்பர், டிசம்பரில் தங்கை வீட்டிலிருந்து ஒரு கொத்து லீச்சி வந்தால் அது போனஸ், கணக்கில் இல்லை. மரத்தையே வலையால் மூடியும் பெரிய வௌவால் கொஞ்சம் கடித்துவைத்திருக்கும். வௌவாலை என்ன செய்வது என்று இந்த நாட்டில் வருஷக்கணக்காகச் சண்டை நடக்கிறது, அரசாங்கமே சுட்டுக் குறைத்த வருஷங்களும் உண்டு. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. கடித்த பழத்தைச் சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் சீனக் கொய்யா பறிக்க பிள்ளைகளோடு மார் ஓ வக்குவா பக்கம் நீங்களே போய்விட்டு வாருங்கள். அதற்குக் கூடை தேவையில்லை, பழைய சட்டை போதும்.

அரிசி, பருப்பு, உருளை, வெங்காயம் எல்லாம் இவர்கிட்டயே வாங்க முடியாதா?

அரிசியும் பருப்பும் கோதுமையும் கப்பலில்தான் வருகின்றன. இந்தத் தீவு நூற்றாண்டுகளாகக் கரும்பை விதைத்துச் சோற்றை வாங்கித் தின்ற தீவு. சோறும் பருப்பும் வெளியூர், மேலே விழும் கறி மட்டும் உள்ளூர். அந்தக் கறியாவது நம் மண்ணில் விளைந்ததாக இருக்கட்டுமே என்பது என் பிடிவாதம். வெங்காயம் கிழக்குக் கரையில் பெல் மார் பக்கத்து மணல் நிலத்தில் நன்றாக வருகிறது, கிடைக்கும்போது அங்கிருந்து வாங்குங்கள். சிவப்பு பீன்ஸ் வேண்டுமென்றால் ரொட்ரிக்ஸ் தீவிலிருந்து வருவதைக் கேட்டு வாங்குங்கள். வேகும் வாசத்திலேயே வித்தியாசம் தெரியும்.

முட்டை, பால்?

முட்டை தோந்தோனின் மனைவி தருவார், பத்து வீட்டுக்குத்தான் வரும், முதலில் வந்தவர்களுக்கு. பால் இல்லை.

பிள்ளைங்க காய் சாப்பிட மாட்டேங்குறாங்க. தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனா மாறுவாங்களா?

வகுப்புப் பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிப்போனேன். எல்லாரும் காய்கறி பிரியர்களாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். பாகற்காய் இன்றைக்கும் யாருக்கும் வேண்டாம். ஆனால் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்க தோந்தோன் கற்றுக்கொடுத்தார்: 'டக்' என்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல்.

அடுத்த ஞாயிறு ஒரு பையன் அப்பாவோடு பஸாருக்குப் போய், ஒரு கடையில் இருந்த வெண்டைக்காய் அத்தனையும் நுனி ஒடித்து வைத்துவிட்டான். கடைக்காரர் கத்த, அப்பா இரண்டு கிலோ வாங்கவேண்டியதாயிற்று. பையன் மட்டும் அசையவில்லை. "எல்லாம் வளைஞ்சுச்சு டீச்சர்" என்று என்னிடம் வந்து புகார் சொன்னான். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் லாலோதான்.

தோந்தோனுக்கு வயசாகுதே. அவருக்கு அப்புறம்?

இதை மெதுவான குரலில்தான் கேட்கிறார்கள். அவர் அப்பா கரும்பு போட்டவர். ஐரோப்பா நம் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த விலையை 2006 முதல் நாலு வருஷத்தில் 36 சதவீதம் குறைத்தபோது, சின்னக் கரும்புக்காரர்கள் பலர் நிலத்தைத் தரிசாக விட்டார்கள். இவர் கரும்பைப் பிடுங்கிவிட்டுக் காய் போட்டார். கல்லைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தது அவர் பாட்டன், அந்தக் குவியல் இன்னும் கோபுரம் மாதிரி நிற்கிறது. சூசூ அதன் மேல்தான் படர்ந்திருக்கிறது.

மகன் ஹோட்டலில் வேலை பார்க்கிறான். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. லீவு நாளில் வந்து மண்வெட்டி பிடிக்கிறான், மறுநாள் முதுகுவலி என்கிறான். பக்கத்து நிலத்தில் வீடு கட்டத் தூண் போட்டாயிற்று. "நீங்க நிறுத்திட்டா நாங்க என்ன செய்றது?" என்று நானே ஒரு நாள் கேட்டுவிட்டேன். "பீர்க்கை விதை காயப்போட்டிருக்கேன், எடுத்துட்டுப் போ" என்றார். எடுத்து வந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று கொடி ஏறியிருக்கிறது. இருபத்துமூன்று வீட்டுக்குக் காணாது.

நாங்க ஃபிளாக் பக்கம் இருக்கோம். எங்களுக்கும் இப்படி ஒருத்தரைப் பிடிக்கணும்னா?

ஃபிளாக்கில் புதனும் ஞாயிறும் கூடும் பெரிய பஸாருக்குப் போங்கள். எல்லாக் காயும் அடுக்கிவைத்திருக்கும் கடையை விடுங்கள். இரண்டே இரண்டு காயோடு, நகக்கண்ணில் மண்ணோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கேரட்டும் அன்னாசியும் லீச்சியும் ஒரே பலகையில் வைத்திருப்பவர் விளைவித்தவராக இருக்க முடியாது. "எங்கே போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். பிளாந்தராக இருந்தால் ஊர் பேரும் பூச்சித் தொல்லையும் மழைக் கணக்கும் கேட்காமலே வரும்.

நிலத்தைப் பார்க்கப் போனால் விடியற்காலையில் போகாதீர்கள், அது அவர்கள் கைக்கு ஓய்வில்லாத நேரம். பத்து மணிக்கு மேல் போங்கள். முதல் மாதம் பேரம் பேசாதீர்கள். தனி வீடாகக் கேட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது, ஐந்தாறு வீடு சேருங்கள். எது வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம், மோசமான வாரத்துக்கும் அதே பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே தக்காளிக் கேள்வியில் சொன்னதை அந்த ஐந்தாறு வீட்டுக்கும் நீங்கள்தான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும்.

ஒரு வாரம் வேண்டாம்னா எப்ப சொல்லணும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள். அதற்கப்புறம் அவர் கத்தியைத் தீட்டிவைத்துவிட்டுப் படுத்துவிடுவார், ஃபோனை எடுக்க மாட்டார். சனிக்கிழமை வரும்போது மறக்காமல் உங்கள் தாந்த் பஸாரை, அதாவது பஸாருக்குக் கொண்டுபோகும் கூடையை, கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பை கிடையாது. போன மாதம் ஒரு அண்ணன் கூடையை மறந்துவிட்டு வந்து, பூசணியை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.